கடைசிக் கண்ணி: போர்னியோ மண்ணில் பிறந்த ஒரு மருந்தின் வரலாறு



நீண்ட நாள்களாக எழுத எண்ணியிருந்த கட்டுரை இது. பாடநூல் வேலை, தேர்வுத்தாள் திருத்தம், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து தள்ளிக்கொண்டே போய்விட்டது. இந்தப் பள்ளி விடுமுறையில்தான் அமர்ந்து எழுத நேரம் வாய்த்தது. கட்டுரை சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. ஒருநாள் காலை பள்ளி வாயிலில் என் மாணவன் ஒருவனின் தாயார் என்னை நிறுத்தினார். கையில் ஒரு மருந்துப் புட்டி. பாதியளவு இளஞ்சிவப்பு நிறத் திரவம் அதில் இருந்தது.

“டீச்சர், இவனுக்கு ராத்திரியிலேருந்து லேசா காய்ச்சல். போன மாசம் இவன் அக்காவுக்குக் கிளினிக்குல குடுத்த மருந்து மிச்சம் இருந்துச்சு. பத்து மணிக்கு ஒரு மூடி குடுத்துடுறீங்களா?”

புட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். நாம் பேச்சுவழக்கில் ‘ஆண்டிபயோட்டிக்’ என்று சொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது. “பள்ளியில் மருந்து கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை, அம்மா” என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடியது. “மூனு நாள்ல அவளுக்குச் சரியாயிருச்சு டீச்சர். மிச்சத்த எதுக்கு வீணாக்கணும்?” என்று கேட்டுவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் தாய் கேட்கும் கேள்வி. நான் சொன்னதோ விதிமுறை, காரணம் அன்று. காரணத்தைச் சொல்ல அப்பொழுது எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னைப் போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து டென்மார்க்குக் கோழிப் பண்ணை வரை அழைத்துச் சென்றது. அந்த வரலாற்றையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சங்கிலியும் கண்ணிகளும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் சிறிதளவு அறிவியல் தேவைப்படுகிறது. அஞ்ச வேண்டா, வகுப்பறை அலங்காரத்துக்கு நாம் செய்யும் வண்ணத்தாள் சங்கிலியை நினைத்துக்கொண்டால் போதும்.

நம் உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் கண்ணிகளைக் கோத்து உருவான சங்கிலிகள். நம் புரதங்களில் முதன்மையாக அமைந்திருப்பவை 20 வகைக் கண்ணிகளே. குட்டையான சங்கிலியைப் ‘பெப்டைடு’ என்பர். இப்பெயரை 1902-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர்.

ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரு கைகள் உண்டு எனக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கை அமிலக் கை. மற்றொன்று நைட்ரஜன் உள்ள அமினோ கை. ஒன்றின் அமிலக் கை அடுத்ததன் அமினோ கையைப் பற்றிக்கொள்ளும். இப்படியே வரிசை நீளும்.

இயற்கை எப்பொழுதும் இந்த 20 கண்ணிகளோடு நின்றுவிடுவதில்லை. அமினோ அமிலமே அல்லாத வேறு பொருள்களையும் இடையிடையே கோத்துவிடுகிறது. அவற்றுள் ஒன்று நாம் நன்கறிந்த பொருள்: தயிருக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம்.

அலனின் என்னும் அமினோ அமிலமும் லாக்டிக் அமிலமும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. உருவம், எலும்புக்கூடு எல்லாம் ஒன்றே. ஒரே ஒரு வேறுபாடுதான். அலனினின் ஒரு கையில் நைட்ரஜன் இருக்கும் இடத்தில், லாக்டிக் அமிலத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே, அலனின் அமர வேண்டிய இடத்தில் லாக்டிக் அமிலம் அமர்ந்தாலும் சங்கிலி அறுந்துவிடாது. இப்படி அமினோ அமிலமும் லாக்டிக் அமிலம் போன்ற அமிலங்களும் கலந்து கோக்கப்பட்ட சங்கிலியை ‘டெப்சிபெப்டைடு’ என அழைப்பர்.

எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ‘வாலினோமைசின்’ என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது 12 கண்ணிகள் கொண்ட ஒரு வளையம். அவற்றுள் ஆறு மட்டுமே அமினோ அமிலங்கள். மீதி ஆறில் மூன்று லாக்டிக் அமிலங்கள். பொட்டாசியத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொள்ளும் வியத்தகு ஆற்றல் அவ்வளையத்துக்கு உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் கருவிகளில் இப்பொருள் பயன்பட்டு வருகிறது.

ஒரு கண்ணியில் ஒரே ஓர் அணு மாறினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணத் தோன்றுகிறது அல்லவா? மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியது.

போர்னியோவிலிருந்து ஒரு பிடி மண்

1928-இல் அலெக்சாண்டர் ஃபிளமிங் பெனிசிலினைக் கண்டறிந்த செய்தியை நாம் அனைவரும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். 1940-களில் அது போர்க்களத்திலும் மருத்துவமனையிலும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால், 1950-களின் தொடக்கத்திலேயே மருத்துவமனைகளில் புண்களைச் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் பல, பெனிசிலினுக்குக் கட்டுப்படாமல் போயின. புதிய மருந்து தேவைப்பட்டது.

அக்காலத்தில் மருந்து நிறுவனங்கள் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் மண்ணைத் திரட்டின. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தம்முள் போரிட்டுக்கொள்ளப் பல நச்சுப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று மனிதனுக்கு மருந்தாகலாம் என்பதே எதிர்பார்ப்பு.

1952-ஆம் ஆண்டில் போர்னியோத் தீவில் பணியாற்றிய ஒரு கிறித்துவச் சமயப் பணியாளர், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த தம் நண்பர் எட்மண்ட் கோர்ன்ஃபெல்டுக்குச் சிறிதளவு மண்ணை அனுப்பி வைத்தார். ஆம், நம் சபா, சரவாக் மாநிலங்கள் அமைந்திருக்கும் அதே போர்னியோத் தீவுதான்! அம்மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸைக் கொன்றது.

தொடக்கத்தில் அம்மருந்தைத் தூய்மையாக்குவது கடினமாக இருந்தது. பழுப்பு நிறத்தில் சேறுபோல் காட்சியளித்ததால் ஆய்வாளர்கள் அதை ‘மிசிசிப்பிச் சேறு’ என்று வேடிக்கையாக அழைத்தனராம். பின்னர், ‘வென்றடக்குதல்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ‘வான்கோமைசின்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1958-இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது.

வான்கோமைசினும் ஒரு பெப்டைடுதான். ஏழு அமினோ அமிலக் கண்ணிகள். அவற்றின்மேல் இரண்டு சர்க்கரைகள். ஏழு கண்ணிகளும் நேர்ச்சங்கிலியாக இல்லாமல், குறுக்கே பிணைக்கப்பட்டு, உள்ளங்கையைக் குவித்தது போன்ற குழிவான வடிவில் அமைந்துள்ளன. இதன் முழு அமைப்பும் பிழையின்றித் தெரியவர 1982 வரை ஆயிற்று. அந்தக் குழிவில்தான் மருந்தின் முழு வல்லமையும் அடங்கியிருக்கிறது.

இம்மருந்தின்மேல் மருத்துவர்கள் பெரும் நம்பிக்கை வைக்க ஒரு காரணம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைத் தலைமுறை தலைமுறையாக மருந்திலேயே வளர்த்துப் பார்த்தனர். இருபது முறை மாற்றி வளர்த்தபின், பெனிசிலினை எதிர்க்கும் ஆற்றல் 100,000 மடங்கு கூடியது. வான்கோமைசினை எதிர்க்கும் ஆற்றலோ 4 முதல் 8 மடங்கு மட்டுமே கூடியது. இந்த மருந்தைக் கிருமிகளால் வெல்ல முடியாது என்று பலரும் கருதியதில் வியப்பில்லை.

ஆயினும், வான்கோமைசின் உடனே புகழ்பெறவில்லை. அதை ஊசிவழி நரம்பில்தான் செலுத்த வேண்டும், பக்கவிளைவுகளும் இருந்தன. 1960-ஐ ஒட்டி மெத்திசிலின் என்னும் எளிய மருந்து வந்ததும் வான்கோமைசின் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. ஆனால், 1961-லேயே மெத்திசிலினையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 1980-களில் அவ்வகைக் கிருமிகள் உலகெங்கும் மருத்துவமனைகளில் பரவின. வேறு எதுவும் பலிக்காத நிலையில், மருத்துவர்கள் மீண்டும் அந்தப் பழைய ‘சேற்றை’ நாடினர். வான்கோமைசின் ‘கடைசிப் புகலிடம்’ ஆயிற்று.

கொத்தனாரும் செங்கல்லும்

வான்கோமைசின் எவ்வாறு கிருமியைக் கொல்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. சுவர் இல்லையேல் அது உப்பி வெடித்துவிடும். அச்சுவரைக் கட்ட, பாக்டீரியா ஐந்து கண்ணிகள் கொண்ட சிறு பெப்டைடுகளைப் பயன்படுத்துகிறது. அவற்றின் கடைசி இரு கண்ணிகளும் ‘டி-அலனின்’ ஆகும். அதாவது, நம் புரதங்களில் உள்ள அலனினின் கண்ணாடி பிம்பம்.

சுவர் கட்டும்பொழுது ஒரு நொதி, பக்கத்துப் பக்கத்துப் பெப்டைடுகளைக் குறுக்கே இணைக்கிறது. இணைக்கும் அந்த நொடியில், கடைசிக் கண்ணியான டி-அலனினை அறுத்து வெளியே எறிந்துவிடுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கதையின் திருப்புமுனையே இங்குதான் உள்ளது.

பெனிசிலின், சுவர் கட்டும் அந்த நொதியை முடக்குகிறது. கொத்தனாரின் கையைக் கட்டிப் போடுவது போல. வான்கோமைசினோ கொத்தனாரைத் தொடுவதே இல்லை, செங்கல்லையே பிடித்துக்கொள்கிறது! 1969-இல் பெர்க்கின்ஸ் என்னும் ஆய்வாளர், வான்கோமைசின் அந்தக் கடைசி இரண்டு டி-அலனின்களைத்தான் பற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டினார். மருந்தின் குழிவுக்குள் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகள், ஐந்து விரல்களைப் போல, அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. கொத்தனாருக்குச் செங்கல் கிடைக்காமல் போகிறது, சுவர் நின்றுவிடுகிறது.

கொத்தனாரை மாற்றுவது கிருமிக்கு எளிது. ஒரு மரபணுவில் சிறு மாற்றம் போதும். ஆனால், செங்கல்லை மாற்றுவது எளிதா? அதைச் செய்யும் நொதி, பிணைக்கும் நொதி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் அல்லவா? ‘கிருமியால் முடியாது’ என்ற நம்பிக்கையின் அடித்தளம் இதுதான்.

ஓர் அணு மாறியது

1988-ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் மருத்துவ இதழ்களில் அதிர்ச்சிச் செய்திகள் வெளிவந்தன. மனிதக் குடலில் இயல்பாக வாழும் எண்டெரோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவில், வான்கோமைசினுக்கு அடங்காத வகை தோன்றிவிட்டது. அமெரிக்க மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொற்றிய எண்டெரோகாக்கஸ் கிருமிகளுள் இவ்வகையின் பங்கு 1989-இல் 0.4 விழுக்காடு, 1993-இல் 13.6 விழுக்காடு. நான்கே ஆண்டுகள்!

பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பத்ரீஸ் கூர்வலேனின் குழுவும், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கிறிஸ்தோபர் வால்ஷின் குழுவும் இப்புதிரை ஆராய்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் விடை கிடைத்தது.

கிருமி தன் செங்கல்லின் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றியிருந்தது. டி-அலனின் இருந்த இடத்தில் லாக்டிக் அமிலம்! பெப்டைடு, டெப்சிபெப்டைடு ஆகிவிட்டது. நைட்ரஜன் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன். அவ்வளவுதான். வான்கோமைசினின் பிடி ஏறத்தாழ 1,000 மடங்கு தளர்ந்துவிட்டது.

ஏன் அவ்வளவு தளர்ச்சி? ஐந்து விரல்களில் ஒன்று பிடி இழந்தது உண்மை. ஆனால், அது மட்டுமன்று. 2003-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் டேல் போகரின் குழு இதைப் பகுத்துக் கணக்கிட்டது. ஒரு பிணைப்பை இழந்ததால் ஏற்பட்ட இழப்பு சுமார் 10 மடங்கே. மீதி 100 மடங்கு இழப்புக்குக் காரணம், மருந்திலுள்ள ஆக்சிஜனும் புதிதாக வந்து சேர்ந்த ஆக்சிஜனும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதே. காந்தத்தின் ஒத்த முனைகள் விலக்கிக்கொள்வதை வகுப்பில் செய்து காட்டுகிறோமே, ஏறக்குறைய அதுபோல.

அப்படியானால் கிருமியின் சுவர் பலவீனமாகவில்லையா? இல்லை. ஏனெனில், அந்தக் கடைசிக் கண்ணி எப்படியும் அறுத்து எறியப்படுவதுதான்! எறியப்படுவது அலனினாக இருந்தால் என்ன, லாக்டிக் அமிலமாக இருந்தால் என்ன? கட்டி முடிந்த சுவரில் எந்த வேறுபாடும் இல்லை. யாருக்கும் வேண்டாத அந்தக் கடைசிக் கண்ணிதான் நமக்கும் கிருமிக்கும் இடையிலான போரின் முடிவைத் தீர்மானித்தது.

இதற்காகக் கிருமி வைத்திருக்கும் கருவிப் பெட்டியும் வியப்பானது. லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்க ஒரு மரபணு. அதைச் சங்கிலியில் கோக்க ஒரு மரபணு. பழைய டி-அலனின் இணைகளைத் தேடி வெட்டிப் போட இன்னொன்று. மருந்து வந்துவிட்டதா என்று வேவு பார்த்து, வந்தால் மட்டும் இவற்றை இயக்கிவிட மேலும் இரண்டு. இவையனைத்தும் ஒரே தொகுப்பாக ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவிச் செல்லக்கூடியவை. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்படியே நடந்தது. சிறுநீரகச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு நோயாளியின் உடலில், அந்த மரபணுத் தொகுப்பு எண்டெரோகாக்கஸிலிருந்து ஸ்டஃபிலோகாக்கஸுக்குத் தாவியது. நல்லவேளையாக, அவ்வகை ஸ்டஃபிலோகாக்கஸ் பெருமளவில் பரவவில்லை.

இக்கருவிப் பெட்டி எங்கிருந்து வந்தது?

முப்பது ஆண்டுகளில் கிருமி இதையெல்லாம் தானே ‘கண்டுபிடித்து’விட்டதா? இல்லை என்பதே ஆய்வாளர்கள் கண்ட உண்மை.

சற்று எண்ணிப் பாருங்கள். வான்கோமைசின் போன்ற நஞ்சைச் சுரக்கும் மண்வாழ் நுண்ணுயிர், அந்நஞ்சால் தானே சாகாமல் இருப்பது எப்படி? அதற்கும் ஒரு தற்காப்பு வேண்டுமே! 1990-களின் இறுதியில், இவ்வகை மருந்துகளைச் சுரக்கும் நுண்ணுயிர்களில் இதே மரபணுக்கள் இதே வரிசையில் இருப்பது கண்டறியப்பட்டது. 2011-இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. கனடாவின் யூகோன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபுப்பொருளிலும் இந்த எதிர்ப்பு மரபணு இருந்தது. மனிதன் வேளாண்மை செய்யத் தொடங்கும் முன்னரே இந்தப் போரும் இந்தக் கேடயமும் மண்ணுக்குள் இருந்திருக்கின்றன!

தயிர், புளித்த உணவுகள் ஆகியவற்றோடு தொடர்புடைய லாக்டோபாசில்லஸ் இனங்களுள் சிலவும் இயல்பாகவே இந்த லாக்டிக் அமிலக் கண்ணியைக் கொண்டவை. அவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. அது அவற்றின் பிறவிக் குணம்.

அப்படியானால், மண்ணுக்குள் இருந்த கேடயம் மருத்துவமனைக்கு எப்படி வந்தது? நாம்தான் அதற்குத் தேவையை உண்டாக்கினோம். அமெரிக்காவில் மருத்துவமனைகளே வான்கோமைசினை மிகுதியாகப் பயன்படுத்தின. ஐரோப்பாவில் நடந்ததோ வேறு.

ஐரோப்பியப் பண்ணைகளில் 1970-களிலிருந்து கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனத்தோடு ‘அவோபார்சின்’ என்னும் மருந்து கலந்து கொடுக்கப்பட்டது. நோய்க்காக அன்று, விரைவாகக் கொழுக்க வைப்பதற்காக. அவோபார்சின், வான்கோமைசினின் நெருங்கிய உறவு. ஒன்றை எதிர்க்கக் கற்ற கிருமி மற்றொன்றையும் எதிர்க்கும். 1994-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில் மனிதர்களின் சிகிச்சைக்குப் பயன்பட்ட வான்கோமைசின் 24 கிலோகிராம். அதே ஆண்டில் விலங்குத் தீவனத்தில் கலக்கப்பட்ட அவோபார்சின் 24,000 கிலோகிராம்!

டென்மார்க்கு 1995-இல் அதைத் தடை செய்தது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. விளைவு என்ன? டென்மார்க்குக் கோழிகளில் கண்ட ஒருவகை எண்டெரோகாக்கஸில் 1995-இல் சுமார் 73 விழுக்காடு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. 2000-இல் அது சுமார் 6 விழுக்காடாகக் குறைந்தது. தேவை நீங்கியதும் கேடயம் ஏந்தியோர் குறைந்தனர். பன்றிகளில் மட்டும் உடனே குறையவில்லை. அங்கு வேறொரு மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவும் இதனோடு சேர்ந்தே பயணம் செய்தது. அம்மருந்தின் பயன்பாடும் குறைந்த பிறகே எண்ணிக்கை இறங்கியது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை இரண்டு. மருந்தைக் கண்டபடி இறைத்தால், மண்ணுக்குள் உறங்கும் கேடயம் வெளியே வரும். இறைப்பதை நிறுத்தினால், காலம் சென்றேனும் நிலைமை சீராக வாய்ப்புண்டு.

மனிதனின் மறுமொழி

அறிவியலாளர்கள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. கிருமி ஓர் அணுவை மாற்றியது. நாமும் ஓர் அணுவை மாற்றினால் என்ன என்று கேட்டார் டேல் போகர். 2011-இல் அவருடைய குழு, வான்கோமைசினின் குழிவுக்குள் இருந்த ஓர் ஆக்சிஜனை நீக்கி, அவ்விடத்தில் நைட்ரஜனை அமைத்தது. மாற்றியமைக்கப்பட்ட அந்த மூலக்கூறு பழைய அலனின் கண்ணியையும் பற்றியது. புதிய லாக்டிக் அமிலக் கண்ணியையும் பற்றியது. அதற்கு அவர்கள் செலவிட்ட உழைப்போ பல ஆண்டுகள். ஆனால், ஆய்வுக்கூடத்து வெற்றி மருந்துக்கடைக்கு வந்து சேர நெடுந்தொலைவு கடக்க வேண்டும்.

வேறொரு மருந்து அந்தத் தொலைவைக் கடந்தது. துருக்கி நாட்டு அராரத் மலையின் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் சுரந்த ‘டாப்டோமைசின்’ அது. 13 அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பமில வாலும் கொண்டது; அதன் வளையத்தைப் பூட்டுவது, கிருமி தன் கேடயத்தில் கையாண்ட அதே ஆக்சிஜன் வழிப் பிணைப்பு. முதலில் ஆராய்ந்த நிறுவனம், தசைகளைப் பாதித்ததால் அதைக் கைவிட்டது. பின்னர் வேறொரு நிறுவனம், நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது என்பதைக் கண்டது. 2003-இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கும் எதிர்ப்புக் கொண்ட கிருமிகள் பின்னர்த் தோன்றிவிட்டன.

2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் இறப்புக்கு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்தன என்று 2022-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

அந்தத் தாய்க்கு என் மறுமொழி

இப்பொழுது பள்ளி வாயிலுக்குத் திரும்புவோம்.

அந்தப் புட்டியில் இருந்தது வான்கோமைசின் அன்று. அது மருத்துவமனைகளுக்குரிய மருந்து. ஆனால், நியாயம் ஒன்றுதான். வெவ்வேறு மருந்துக்கு வெவ்வேறு கேடயம் உண்டு. அக்கேடயத்துக்குத் தேவையை உண்டாக்குவது நம் கைகளே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளமிங்கே 1945-இல் நோபல் பரிசுச் சொற்பொழிவில் இதை எச்சரித்தார். தொண்டைப் புண்ணுக்குத் தானாகவே மருந்து வாங்கிப் போதாத அளவில் உட்கொள்ளும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்காட்டினார். அந்த அரைகுறை மருந்து கிருமியைக் கொல்வதில்லை, எதிர்க்கப் பழக்குகிறது. பழகிய கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து பலிக்காமல் மனைவி இறந்துபோகிறார். தவறு செய்தவர் ஒருவர். விலை கொடுத்தவர் வேறொருவர். அக்காவின் மருந்தில் மிச்சம் எடுத்துத் தம்பிக்குக் கொடுக்கும்பொழுது நாம் செய்வதும் இதற்கு வெகுதொலைவில் இல்லை.

ஆகவே, பெற்றோர்களே, நான் அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன்:

1. சளி, சாதாரணக் காய்ச்சல் போன்றவற்றுள் பெரும்பாலானவை வைரசால் வருபவை. அவற்றின்மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேலை செய்யாது. “ஆண்டிபயோட்டிக் குடுங்க டாக்டர்” என்று நாமே வற்புறுத்த வேண்டா.

2. மருத்துவர் எத்தனை நாள், எத்தனை வேளை, எவ்வளவு என்று சொன்னாரோ, அப்படியே கொடுங்கள். இடையில் நிறுத்த எண்ணினால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றொருவருக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் கலந்து தயாரித்த திரவ மருந்து சில நாள்களிலேயே வீரியம் இழந்துவிடும். அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்கும் பொருள் அன்று அது.

4. எஞ்சிய மருந்தைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல், மருந்தகத்தில் ஒப்படைக்க இயலுமா என்று கேளுங்கள்.

ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டில் நுண்ணுயிர்கள் பற்றிக் கற்பிக்கும்பொழுது ‘நன்மை தருபவை, தீமை தருபவை’ என்று இரு பட்டியல் எழுதிப் போடுவதோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இப்பொழுது வண்ணத்தாள் சங்கிலி ஒன்றைக் கொண்டு போகிறேன். ஐந்து கண்ணிகள், கடைசி இரண்டும் பச்சை. மாணவன் ஒருவன் தன் கையால் அந்த இரண்டையும் பற்றிக்கொள்வான், அவன்தான் மருந்து. பிறகு கடைசிப் பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் கண்ணியைக் கோப்பேன். “பச்சைக் கண்ணியைத்தான் பிடிக்கலாம், மஞ்சளைத் தொடக்கூடாது” என்பது விளையாட்டின் விதி. சங்கிலி அவன் கையிலிருந்து எளிதாக நழுவிவிடும். இருபது நிமிடப் பாடம். அதன் பிறகு மாணவர்களே வீட்டில் பெற்றோருக்கு விளக்குகிறார்கள்.

சென்ற முறை அப்பாடம் முடிந்த மறுவாரம், ஒரு மாணவி என்னிடம் வந்து, “டீச்சர், எங்க வீட்டுப் பெட்டியில மூனு பாட்டில் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லி எடுத்துட்டோம்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவ்வளவு படித்தது தகும் என்று தோன்றியது.

மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால், இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்க வேண்டியது புட்டியில் உள்ள திரவத்தை அன்று; நம் பிள்ளைகளின் காலத்திலும் மருந்து பலிக்கும் என்ற அந்த நம்பிக்கையை.

சிந்திப்போம், செயல்படுவோம். மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.